மூன்றாம் நாள் காலை ஷிப்ட்

கடிதம் வந்த நேரத்தில் கஞ்சியக்கா தலைவருடைய சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளாக விடாத மழை. முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஊரார் துணியெல்லாம் தொங்கியது. தபால்காரர் உள்ளே வரவில்லை. இரண்டு ஈரப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே கையை மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஓய்வூதிய அலுவலகத்தின் பழுப்பு உறை. பஞ்சப்படி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். உடனே பிரிக்கவில்லை. காலர் பாதியில் நின்றால் ஆறிப்போகும், மறுபடி தண்ணீர் தெளிக்க வேண்டும். காலரை முடித்து, கைகளை மடித்து, பொத்தானைப் போட்டு, சட்டையை ஒரு குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் கிடத்திவிட்டுத்தான் உறையைக் கிழித்தாள்.

எட்டாவது வரை படித்தவள். அரசாங்கத் தமிழும் முப்பது வருஷம் பழகியதுதான். ஆனாலும் மூன்று தரம் படிக்க வேண்டியிருந்தது. முழு ஓய்வூதியத்துக்கு முப்பது ஆண்டு பணி வேண்டும். தங்கள் பணிக்காலம் மறுதணிக்கையில் இருபத்தொன்பது ஆண்டு எட்டு மாதம் என்று தெரியவந்துள்ளது. ஆகவே கடந்த பதினோரு ஆண்டுகளாகத் தங்களுக்கு மிகையாக வழங்கப்பட்ட தொகை திரும்பப் பெறப்படும். அடுத்த மாதம் முதல் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படும். கீழே தொகை. அவள் பதினான்கு மாதம் வாங்கும் பென்ஷன் அது.

"ஏதோ தப்பு நடந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். கொடியில் தொங்கிய துணிகள்தான் கேட்டன.

கஞ்சியக்கா என்பது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம். டாக்டர்களின் கோட்டுக்கு அவள் கஞ்சி போட்டால் கோட்டு ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள். ஆளும் அப்படித்தான், வளைய மாட்டாள். முப்பது வருஷமும் ஒரு மாதமும் அங்கே வேலை. ரத்தம், சீழ், வாந்தி, பிள்ளைப்பேற்று அழுக்கு எல்லாம் மூட்டையாக வந்து இறங்கும். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், மற்றதற்குக் கொதிநீர். அது தெரியாமல் ரத்தத்தைக் கொதிநீரில் போட்ட புதுப்பெண்களை அவள் திட்டுகிற திட்டு மூன்றாவது மாடி வார்டு வரை கேட்கும்.

மகள் சாயங்காலம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். புருஷன் இன்னொருத்தியோடு போனபின் ஏழு வருஷமாக அம்மாவோடுதான் இருக்கிறாள். வீட்டு வாடகை அம்மாவின் பென்ஷன், மற்றதெல்லாம் மகளின் சம்பளம். அதுதான் கணக்கு. கடிதத்தைப் படித்தவள் ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணுல ஒண்ணு போச்சுன்னா வாடகைக்கு என்னம்மா பண்றது?"

"நாளைக்குத் தலைவரைப் போய்ப் பாக்கறேன். அவருக்குத் தெரியாத ரூலா?"

தலைவர் என்றால் ஓய்வுபெற்றோர் சங்கத் தலைவர். அதற்கு முன் ஆஸ்பத்திரியின் துணை நிர்வாகி, அதற்கும் முன் சலவைக்கூடத்து சூப்பர்வைசர். கஞ்சியக்காவுக்கு அவர் தெய்வத்துக்கு ஒரு படி கீழே. காரணம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்கு வந்தாள். ஆறு மணி. மிச்சமான இனிப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கொதிகலன் பக்கம் போனாள். ஏழு அடிக்கவில்லை, கொதிகலனின் நீராவிக் குழாய் மூட்டு வெடித்துப் பிய்த்துக்கொண்டது. வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கையுறை கழலுவது போலக் கழன்றது. நாலு மாதம் பதினோரு நாள் வீட்டில் கிடந்தாள். புருஷன் செத்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் சூப்பர்வைசர் மாதா மாதம் வீட்டுக்கு வந்தார். "காயத்துக்கு எடுக்கற லீவுக்குச் சம்பளம் கிடையாதும்மா. ஆனா சர்வீஸ்ல ஒரு நாள் குறையாது, நான் பாத்துக்கறேன். இது என் கையிலேருந்து" என்று பாதிச் சம்பளத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்தார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுச் சட்டை, வேட்டி, திரைச்சீலை எல்லாம் கஞ்சியக்காவிடம்தான். கூலி கேட்டதில்லை. அவர் கொடுக்க வந்தாலும், "சார், என்னை அவமானப்படுத்தாதீங்க" என்பாள். ஒரு தரம் அவருடைய மகனுக்குக் காய்ச்சல் என்று கேட்டு மூன்று பகல் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தேய்த்த சட்டைகளையும் கடிதத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போனாள். தலைவர் நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"மககிட்ட மட்டும் சார்."

"நல்லது." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பழைய சர்வீஸ் புத்தகத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. ஏதாவது நாள் விட்டுப்போயிருக்கும். ஆனா தணிக்கைக்காரன் எழுதினா எழுதினதுதான். எதிர்த்து மனு போட்டா பென்ஷன் மொத்தத்தையும் நிறுத்தி வச்சிருவாங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! பேசாம கட்டிடு. பிடித்தத்தை ஆறுல ஒண்ணாக் குறைக்கச் சொல்லி நான் ஒரு லெட்டர் தர்றேன்."

"நான் ஒரு நாள்கூட ஏமாத்தலையே சார்."

"எனக்குத் தெரியாதாம்மா? யானைக்கும் அடி சறுக்கும், கவர்ன்மெண்டுக்கும் சறுக்கும். நாமதான் பொறுத்துப் போகணும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

குடித்தாள். நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் பாதி வழியில் மனசு கேட்கவில்லை. கட்டுவது இருக்கட்டும், எந்த நாளைக் கழித்தார்கள் என்றாவது தெரிய வேண்டாமா? குடையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறி ஓய்வூதிய அலுவலகத்துக்கே போய்விட்டாள். மூன்று ஜன்னல்; இரண்டு மூடியிருந்தன. ஒன்றரை மணி நேரம் நின்றபின் உள்ளே இருந்த பெண், "பக்கத்தைப் பாக்கணும்னா நகல் கட்டணம் கட்டணும்" என்றாள். கட்டினாள். சர்வீஸ் புத்தகத்தின் ஒரு பக்கம், நகலெடுத்த சூடு ஆறாமல் கைக்கு வந்தது.

'மகளின் திருமணத்தை முன்னிட்டு, சொந்த விருப்பத்தின்பேரில், சம்பளமில்லா விடுப்பு: நான்கு மாதம் பதினோரு நாள்.'

கீழே கையெழுத்து. முதல் எழுத்து பெரிதாக, கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் அடியில் கோடு போடும். அந்தக் கையெழுத்தை அவள் தன் சம்பளச் சீட்டில் எத்தனை நூறு தரம் பார்த்திருப்பாள்!

ஜன்னலை விட்டு நகரச் சொல்லிப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார். நகர்ந்தாள். வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது, உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

கொதிகலன் வெடித்த சங்கதியே அந்தப் பக்கத்தில் இல்லை. அன்று அவள் வேலைக்கே வரவில்லையாம். நாலு மாதம் மகள் கல்யாணத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தாளாம்.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில், அவசரப் பிரிவில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த டிரஸ்ஸர் இருந்தார். ஓய்வுபெற்று, கண் புரை வந்து, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காது மட்டும் பாம்புக் காது.

"யாரு, கஞ்சியா? நடையிலயே கோபம் தெரியுதே!"

"அண்ணே, என் கையில கட்டுப் போட்டது ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தாறு நாள் போட்டேன். நீ ஒரு நாளும் கத்தல. துணியைக் கடிச்சுக்கிட்டே இருந்தே. ஏன், இப்ப வலிக்குதா?"

நகலைப் படித்துக் காட்டினாள். அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "நீ இத்தனை நாளா தெரிஞ்சேதான் இருக்கேன்னு நினைச்சேன்" என்றார்.

"எது தெரிஞ்சு?"

"டூட்டியில காயம் பட்டா முழுச் சம்பளம் உண்டும்மா. சர்வீஸ்லயும் சேரும். ஆனா விசாரணை வரும். அந்தக் கொதிகலனுக்குப் பாதுகாப்பு வால்வு மாத்தியாச்சுன்னு உன் சூப்பர்வைசர் ரெண்டு மாசம் முன்னாடியே எழுதி வச்சிருந்தாரு. மாத்தவே இல்ல. கொதிகலன் ஆபரேட்டர் என்கிட்ட வந்து அழுதான். விசாரணை வந்திருந்தா அவருக்கு புரோமோஷன் இல்ல, வேலையே போயிருக்கும். அதான் நீ அன்னிக்கு வேலைக்கே வரலன்னு ஆக்கிட்டாரு. உனக்குப் பணம் குடுத்து நீ ஒத்துக்கிட்டதா ஊர்ல பேச்சு. அதனால நானும் வாயைத் திறக்கல."

"அப்ப எனக்கு வரவேண்டிய முழுச் சம்பளத்தை வராமப் பண்ணிட்டு…"

"பாதியைக் கொண்டுவந்து தானம் பண்ணினாரு."

கஞ்சியக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு டிரஸ்ஸர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவசரப் பிரிவு ரிஜிஸ்தர் எங்கண்ணே இருக்கும்? அதுல என் பேரும் நேரமும் இருக்குமில்ல?"

"பதினஞ்சு வருஷம் ஆனா எரிச்சிடுவாங்க. பாதி கரையானுக்குப் போச்சு, மீதி நெருப்புக்குப் போச்சு. ஆபரேட்டரும் போய்ச் சேர்ந்துட்டான். நான் சாட்சி சொல்றேன், ஆனா கண்ணு தெரியாதவன் சாட்சியை எவன் மதிப்பான்? காகிதம் கேப்பாங்க. அந்த நாளுக்குக் காகிதம்னா இனிமே அந்த ஆளு வாய்தான்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோதுதான் 'அவர்' 'அவன்' ஆனார்.

"என் பொண்ணு கல்யாணத்தை வச்சு எழுதியிருக்கான் பாரு! உன் கல்யாணத்துல வந்து முன்வரிசையில உக்காந்து சாப்பிட்டவன்!"

மகள் பயந்தாள். "அம்மா, நேராப் போய்க் கேட்டுடலாம். தப்பா எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்தா முடிஞ்சுதே. நமக்கு வேண்டியது பணம்தானே?"

"காலையில போய் அவன் கையில கடிதத்தையே குடுத்தேனே! படிச்சான், ரெண்டு தரம் படிச்சான். நாலு மாசம் எங்க குறையுதுன்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னானா? கட்டிடுன்னான். தேத்தண்ணி குடுத்தான்." அவள் வலது கையைப் பார்த்தாள். தோல் அங்கே சுருங்கி, பளபளவென்று, பிழிந்து உதறாத துணி போல இருந்தது. "நேராக் கேட்டா மூடிக்குவான். எனக்கு அவன் வாய் திறக்கணும். நாலு பேர் முன்னால, தானாத் திறக்கணும்."

"எப்படி?"

"சொறிஞ்சு விட்டா மாடு தானா கழுத்தை நீட்டும்."

அடுத்த இரண்டு மாதம் கஞ்சியக்கா எதுவும் நடக்காதது போல இருந்தாள். பிடித்தம் நடந்தது. அலுவலகத்துக்கு ஒரு எதிர்ப்பு மனுவை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பி, விசாரணைக்குத் தேதி கேட்டிருந்தாள். அது தலைவருக்குத் தெரியாது. தலைவருடைய துணிகளை முன்போலவே வாங்கி வந்தாள். "பிடித்தம் ஆரம்பிச்சிட்டாங்க சார். நீங்க சொன்ன மாதிரி பொறுத்துக்கிட்டேன்" என்றாள். "அதான் புத்திசாலித்தனம்" என்றார் அவர். அவர் சட்டையைத் தண்ணீரில் முக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு நிமிஷம் அதிகமாகவே முக்கிப் பிடித்தாள்.

வாடகைக்கு வேண்டி இன்னும் ஆறு வீட்டுத் துணி ஏற்றாள். மழை நின்று பனி தொடங்கியிருந்தது. காலையில் துணி காயாது. இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழியும். முதுகு ஒடிந்தது. ஒடிய ஒடிய அவள் பழைய காலத்தைத் துருவினாள். அன்று யார் யார் ஷிப்டில் இருந்தார்கள், இனிப்பு டப்பா என்ன நிறம், மணி எத்தனை என்று. ஒவ்வொன்றாக எடுத்து, சுருக்கமெடுத்து, மடித்து வைத்துக்கொண்டாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. தலைவர் பொறுப்பேற்றுப் பத்து வருஷம் நிறைகிறது, பாராட்டு உண்டு என்றார்கள். கூட்டத்துக்குப் போடும் சட்டையை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

"இதை மட்டும் கொஞ்சம் நல்லாப் பண்ணும்மா. போட்டோ எடுப்பாங்க."

"என் கையாலேயே பண்றேன் சார்."

பண்ணினாள். காலருக்கு மட்டும் மூன்று தரம் கஞ்சி போட்டாள். தகடு மாதிரி நின்றது. "கழுத்தை அறுக்கட்டும்" என்றாள் மகளிடம். மகள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கூட்டம் நூலகத்து மேல்மாடிக் கூடத்தில். எழுபது எண்பது பேர். இருமல், கைத்தடி, மாத்திரை நேரத்துக்கு அடிக்கும் கைபேசிகள். மேடை ஓரத்தில் சங்கச் செயலாளர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா அவர். கூட்டத்தில் யார் தும்மினாலும் குறிப்பில் ஏறிவிடும் என்று பெயர். நாலு பேர் பாராட்டிப் பேசிய பிறகு, "வேற யாராவது?" என்று கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து கஞ்சியக்கா எழுந்தாள்.

மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. முதல் வார்த்தை ஊளையிட்டது. கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஆனா இன்னிக்குச் சொல்லலன்னா நன்றி கெட்டவளாயிடுவேன். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி என் மக கல்யாணம். ரெண்டு நாள் லீவு போட்டேன். மூணாம் நாள் காலை ஷிப்டுக்கு வந்துட்டேன். ஆறு மணிக்கு எல்லாருக்கும் இனிப்புக் குடுத்தேன், சாருக்கும் குடுத்தேன். ஏழு மணிக்குள்ள கொதிகலன் வெடிச்சு இந்தக் கை வெந்துபோச்சு." ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் கையைத் தூக்கிக் காட்டினாள். கூடத்தில் இருமல்கூட நின்றது. "நாலு மாசம் படுத்திருந்தேன். அந்த நாலு மாசமும் இந்த மகராசன் தன் சொந்தக் கைப்பணத்தைக் குடுத்து என் அடுப்பை எரிய வச்சாரு. இதுவரைக்கும் ஒரு மேடையிலயும் சொல்லிக்கிட்டதில்ல. அவ்வளவு பெரிய மனசு. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அவர் வாயாலயே நீங்க கேக்கணும்."

கைதட்டல் இடித்தது. யாரோ எழுந்து நின்று தட்டினார், எல்லாரும் எழுந்தார்கள். தலைவர் மைக்கை வாங்கினார். ஒரு கணம் அவர் விரல் மைக்கின் மேல் நின்றது. கண் அவளைத் தேடியது. அவள் இரண்டு கையையும் கூப்பி நின்றாள். எண்பது பேர் தட்டுகிற தட்டில் அந்தக் கணம் அடித்துக்கொண்டு போயிற்று.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தார். "ஒரு கை குடுத்தது மறு கைக்குத் தெரியக் கூடாது. ஆனா இந்த அம்மா கேட்டுட்டாங்க. அன்னிக்குக் காலையில நான் என் அறையில கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன். டமார்னு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா ஒரே ஆவி, ஆளே தெரியல. எல்லாரும் வெளிய ஓடறாங்க, நான் உள்ள ஓடறேன். இந்த அம்மாவைத் தூக்கிக்கிட்டு அவசரப் பிரிவுக்கு நானே ஓடினேன்…"

தூக்கி ஓடியது கொதிகலன் ஆபரேட்டர். கஞ்சியக்கா அதைத் திருத்தவில்லை. தூக்கட்டும், நன்றாகத் தூக்கட்டும் என்று நின்றாள். அவர் பேசப் பேசக் காலரில் விரலை விட்டு விட்டு இழுத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் ரொட்டியும் தேநீரும் வாங்கப் போனபோது டைப்பிஸ்ட் அம்மாவிடம் போனாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களாம்மா?"

"ஒரு வார்த்தை விடல. ஏன் கேக்கறே?"

"நகல் ஒண்ணு வேணும். வீட்ல வச்சுக்க."

டைப்பிஸ்ட் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எழுதறது என் வேலை. எதுக்குன்னு கேக்கறது என் வேலை இல்ல. முதல்ல அவர் கையெழுத்துப் போடணும், அப்பதான் அது காகிதம்."

மூன்றாம் நாள் தட்டச்சடித்த குறிப்பு தலைவரிடம் போயிற்று. அவர் அதை ஆசையாகப் படித்தாராம். ஒரே ஒரு இடத்தில் பேனாவை எடுத்துத் திருத்தினாராம். 'தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு நானே ஓடினேன்' என்று டைப்பிஸ்ட் அம்மா அடித்திருந்ததில், 'தோளில்' என்று மேலே செருகி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, கடைசியில் வால் திரும்பி வந்து அடிக்கோடு போடும் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார்.

நகல் கைக்கு வந்த அன்று கஞ்சியக்கா மகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். தானும் இரண்டு தின்றாள்.

விசாரணை அதிகாரி நாற்பது வயதுப் பெண். மேசை மேல் கோப்பு மலை. நடுவே ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார். முதல் நாள் மனுவையும் குறிப்பையும் படித்தார். டிரஸ்ஸர் சொன்னதை எழுதிக்கொண்டார். கஞ்சியக்காவின் கையை மேசை விளக்குக்கு அருகில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். தலைவருக்குச் சம்மன் போயிற்று.

இரண்டாவது நாள் அவர் வந்தார். வராந்தாவில் கஞ்சியக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "உன் கேஸா இது? சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டிருக்காங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உள்ள வாங்க சார்."

அதிகாரி இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் உங்க கையெழுத்தா?"

தலைவர் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"இதுல, இந்த அம்மா அன்னிக்கு வேலைக்கே வரல, கல்யாண லீவுன்னு இருக்கு. இதுல, அதே நாள் காலையில இவங்களை வேலை செய்யற இடத்துலேருந்து நீங்க தோள்ல தூக்கிக்கிட்டுப் போனதா இருக்கு. 'தோளில்'ங்கறது உங்க கையாலயே செருகியிருக்கு. எந்தக் கையெழுத்து உண்மை?"

"மேடம், அது… மேடையில பேசறது… கொஞ்சம் மிகையா…"

"அப்ப இவங்க கை எங்க வெந்துச்சு?"

சுவரில் மின்விசிறி கிறீச்சிட்டுத் திரும்பியது. தலைவர் கஞ்சியக்கா பக்கம் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவரைப் பார்க்கவைத்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல சொன்னதுதான் உண்மை" என்றார் கடைசியில். "தூக்கினது மட்டும் நான் இல்ல."

அதையும் அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. மிகைத் தொகையைத் திரும்பப் பெறும் ஆணை ரத்து. பிடித்த தொகை திரும்ப வரும். நாலு மாதம் பதினோரு நாள் பணிக்காலத்தில் சேரும். அந்த நாட்களுக்கான முழுச் சம்பளத்துக்குத் தனியே மனு செய்யலாம். பொய்ப் பதிவு செய்தவர்மேல் நடவடிக்கை. தலைவரின் பென்ஷனில் இரண்டு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வெட்டு என்று பின்னால் தெரிந்தது. சங்கத்தில் அவரே ராஜினாமா கொடுத்தார். அந்த ராஜினாமாவையும் டைப்பிஸ்ட் அம்மா ஒரு வார்த்தை விடாமல் குறிப்பில் ஏற்றினார்.

அதன்பின் ஒரு பிற்பகல் அவர் வந்தார். கொடியில் தொங்கிய துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வந்து நின்றார். கசங்கிய சட்டை. மகள் நாற்காலியை நகர்த்தினாள். கஞ்சியக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"மெச்சிக்கிட்டே கழுத்தை அறுத்துட்டியேம்மா!"

"நான் ஒரு பொய் சொன்னேனா சார்?"

"என்கிட்ட நேரா வந்து கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்."

"வந்தேனே. கடிதத்தை உங்க கையில குடுத்தேனே. ரெண்டு தரம் படிச்சீங்க. வாடகை கட்ட முடியாம இவ முகத்தை நான் பாக்க முடியாம இருந்தேன். கட்டிடுன்னீங்க."

அவர் தலை ஒரு விரிப்பில் உரசியது. ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"பயமா இருந்துச்சு" என்றார். "அன்னிக்கும் பயம்தான். மாசா மாசம் உறையைக் கொண்டுவந்து குடுக்கறப்ப, நீ அழுதுக்கிட்டே வாங்குவே. சரி, ஈடு கட்டிட்டோம்னு நினைச்சேன். போகப் போக… நான் நல்லவன்தான்னு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. என்னை மன்னிச்சிடும்மா."

கஞ்சியக்கா சட்டையைத் திருப்பிப் போட்டு முதுகைத் தேய்த்தாள். ஆவி எழுந்து அடங்கியது.

"மனு போடுங்க. பாக்கலாம்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வந்த வழியே குனிந்து குனிந்து போனார்.

"பாவமா இருக்கும்மா" என்றாள் மகள்.

"இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் இருக்கு. அதுக்காக?"

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. நீளமான வெள்ளைத் தாளில், ஓரம் விட்டு, 'பொருள்: மன்னிப்புக் கோருதல்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். வால்வு மாற்றாமலே மாற்றியதாக எழுதியது, ஆபரேட்டரை மிரட்டியது, லீவு மனுவை நீட்டியது எல்லாம் தேதிவாரியாக இருந்தது. யாரையும் தூக்கியதாக இல்லை. கடைசியில் அந்தக் கையெழுத்து.

அவள் அதை மூன்று தரம் படித்தாள். மூன்றாவது தரம் படிக்கும்போது ஒரு சொட்டு கண்ணீர் வந்தது. அவருக்காக வந்ததில்லை. அழுதுகொண்டே அந்த உறைகளை வாங்கிய நாற்பத்தேழு வயதுக்காரிக்காக வந்தது. தாளை மடித்துப் பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மாதம் நாலு போயிற்று. சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கூடையைக் கை மாற்றிக்கொண்டு, இங்கும் அங்கும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அவர் ஏதோ எழுதிப் போட்டாராம். பதிலே வரலையாம். தினமும் தபால்காரரைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. உங்களைப் பாத்தா விசாரிக்கச் சொன்னாரு."

கஞ்சியக்கா ஒரு தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்து, நன்றாக இருக்கவே தட்டில் போட்டாள்.

"வந்து சேந்துச்சு. பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.